பழைய வீட்டுச் சுவருக்கு என்ன பூசலாம்: சுவர் காட்டும் குறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் போவது பெயிண்ட் கடைக்குத்தான். வண்ண அட்டை, வால்பேப்பர் ஆல்பம், பிவிசி பேனல் மாதிரி எல்லாம் பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்ப்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் தாத்தா கட்டிய எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கூடத்துச் சுவர் ஒன்றுக்கு மட்டும் மூன்று தடவை செலவு செய்தோம். அதில் தெரிந்துகொண்டதையும், பிறகு உறவினர் வீடுகளில் வேலை நடந்தபோது கூடவே நின்று பார்த்ததையும் குறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் சுவர் என்ன காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

முதலில் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள்

கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, ஓர் ஆணியால் பெயிண்டைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகவோ பழுப்பு கலந்த வெள்ளையாகவோ இருந்து, நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தால் அது சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறமாக இருந்து ஆணி வழுக்கினால் சிமெண்ட். ஒரே சுவரில் இரண்டும் இருப்பது சகஜம். எப்போதோ யாரோ கீழே நாலடிக்குச் சிமெண்ட் பூசியிருப்பார்கள், அதற்கு மேலே பழைய காரை அப்படியே இருக்கும். அதனால் இடுப்பளவில் ஒரு இடம், தலைக்கு மேல் ஒரு இடம் என்று இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். எங்கெல்லாம் காலிப் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வருகிறதோ அங்கெல்லாம் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது; சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாவது சோதனைதான் ரொம்ப முக்கியம். ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் ஈரமாக இருந்தால் அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது; ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இந்தச் சோதனையைக் கோடையில் செய்து ஏமாந்துவிடாதீர்கள். டெல்டா மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்தால்தான் உண்மை தெரியும்.

இதையெல்லாம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல்லும் காரையுமான ஒன்றரை அடிச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைக் காற்றில் விட்டும்விடும். அப்படிக் கட்டிய பல வீடுகளின் கடைக்காலில் ஓதத் தடுப்புப் பட்டை, அதாவது மண்ணின் ஈரம் (ஓதம்) சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, கிடையாது. மழையில் மண்ணிலிருந்து ஈரம் மேலே ஏறும், வெயிலில் சுவர் வழியாக வெளியேறும். வெள்ளையடித்த சுண்ணாம்பு அதற்கு வழி விட்டுக்கொண்டே இருந்தது. ஆயில் பெயிண்ட், வினைல் வால்பேப்பர், டைல்ஸ், நல்ல கெட்டியான சிமெண்ட் பூச்சு எல்லாம் அந்த வழியை அடைத்துவிடும். எமல்ஷன் இரண்டுக்கும் நடுவில். பளபளப்பில்லாமல் வருவது கொஞ்சம் வழி விடும், கண்ணாடிபோல் மினுங்குவது விடாது.

தரையிலிருந்து மூன்று நான்கு அடி வரை பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது

பழைய வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எங்கள் கூடத்துச் சுவரும் இதே நிலையில்தான் இருந்தது.

முதல் தடவை பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தோம். அடுத்த தை மாதத்துக்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை, கீழே நாலடிக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று ஒருவர் சொன்னார், ஒட்டினோம். இரண்டு மழைக்காலம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மழையில் டைல்ஸுக்கு மேலே, தாத்தா பாட்டி படங்கள் மாட்டியிருந்த ஆறடி உயரத்தில், சுவர் உப்பிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பு அந்த உயரத்தில் ஒரு நாளும் ஈரம் பார்த்ததில்லை.

ஊரில் காரை வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரை அம்மா கூட்டி வந்தார். அவர் உளியை வைத்து ஒரு டைல்ஸை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். பின்பக்கம் ஈரம் சொட்டுகிற மாதிரி இருந்தது. ஒட்டியிருந்த சிமெண்டுக்கும் சுவருக்கும் நடுவே, பூனை முடிபோல மெல்லிசாக, வெள்ளை வெள்ளையாக உப்பு வளர்ந்து நின்றது. ஊதினால் பறந்தது. செங்கல்லை விரலால் அழுத்தினேன், ஈர மண்ணாங்கட்டிபோல் மாவாக உதிர்ந்தது. "கீழ வழிய அடைச்சிட்டீங்க தம்பி. அது மேல போயி வழி தேடிக்கிச்சு" என்றார்.

நடப்பது இதுதான். மண்ணில் கரைந்திருக்கும் உப்பு, தண்ணீரோடு சேர்ந்து செங்கல்லின் நுண்துளை வழியே ஏறுகிறது. தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது இடத்துக்காகத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது, காரை உதிர்கிறது, கடைசியில் செங்கல்லும் கரைகிறது. வழி திறந்திருந்தால் மூன்று நான்கு அடிக்குள்ளேயே பெரும்பாலும் ஆவியாகிவிடும். அடைத்தால் ஈரம் அடைப்பைத் தாண்டி மேலே போய்த்தான் வெளியே வரும்.

சரி, என்ன செய்வது? வரிசை முக்கியம், மாற்றிச் செய்யாதீர்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். தெருவுக்கு வருஷா வருஷம் ரோடு போட்டு உயர்த்தியதில் வீட்டுத் தளம் பள்ளமாகிவிட்டதா? சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டு மழைத் தண்ணீர் சுவர்ப் பக்கமாக வழிகிறதா? குளியலறைக் குழாய், முற்றத்துத் தூம்பு, கொல்லைப்புறச் சாக்கடை? எங்கள் வீட்டில் முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்பு உள்ளேயே உடைந்திருந்தது. அதை மாற்றிய பிறகு ஒரே கோடையில் சுவரின் ஈரம் பாதியாகக் குறைந்தது.

அப்புறம் சிமெண்டையும் டைல்ஸையும் எடுத்துவிட்டு, ஈரக்குறி தெரியும் உயரத்துக்கு மேலும் ஓர் அடி வரை கெட்ட காரையைக் கொத்திவிடுங்கள். செங்கல் தெரிய அப்படியே விடவும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது வேலைக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு இரண்டு பக்கமும் திறந்திருந்தாலும் ஒரு முழுக் கோடையாவது வேண்டும். பொங்கல் கழிந்து திறந்தால் ஆடிக்குள் ஓரளவு காயும். இந்த இடைவேளையில்தான் வீட்டில் சண்டை வரும், விருந்தாளி வருகிறார்கள், சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று. பொறுத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த தேங்காய் நார்ப் பிரஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும்.

காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்துப் பூச வேண்டும். எங்கள் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றி அரைத்தார். பூச்சு இழுத்துப் பிடிக்க அந்தக் காலத்திலிருந்து செய்வது அது. பூசியதும் வெயில் நேராகப் படாமல் சாக்குப் படுதா தொங்கவிட்டு, சில நாள் ஈரம் காத்துவர வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டுதான் கல்லாக இறுகும், அவசரப்படுத்த முடியாது. மேலே மெல்லிசாக மூன்று கை வெள்ளை. சுண்ணாம்பு நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம்.

மிச்சமிருக்கும் உப்பு சில வருஷம் இந்தப் பூச்சின் வழியாக வெளியே வரத்தான் செய்யும். ஏழெட்டு வருஷத்தில் கீழ்ப் பகுதியை மறுபடி பூச வேண்டியிருக்கலாம். அது பூச்சின் குறையில்லை. செங்கல்லுக்குப் பதில் பூச்சு கரையட்டும் என்றுதான் அதைப் பூசுகிறோம்.

கை வைத்தால் வெள்ளை மாவாக ஒட்டுகிறது

பயப்பட ஒன்றுமில்லை. பல வருஷத்து வெள்ளை அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது, அல்லது பழைய டிஸ்டெம்பர் (தண்ணீரில் கரைத்து அடிக்கும் மாவுப் பூச்சு). ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நிறம் கூழ்போலக் கரைந்து வந்தால் டிஸ்டெம்பர், வெள்ளையாக மட்டும் வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு.

டிஸ்டெம்பரை முழுக்கக் கழுவி எடுக்காமல் எதையும் மேலே போடக் கூடாது. சுண்ணாம்பாக இருந்தால், தளர்ந்ததைச் சுரண்டிவிட்டு, சுவரை நனைத்து, மறுபடி வெள்ளையே அடிக்கலாம். மாவாக ஒட்டாமல் இருக்கப் பழைய ஆட்கள் கோந்தோ வஜ்ஜிரப் பசையோ சேர்ப்பார்கள். கொஞ்சம் நீலம் கலந்தால் மஞ்சளடிக்காமல் தும்பைப் பூ மாதிரி இருக்கும். எமல்ஷன்தான் வேண்டுமென்றால் மாவு நிற்காத அளவுக்குச் சுரண்டி, தூசி துடைத்து, பிரைமர் அடித்துவிட்டு அடியுங்கள்.

புது பெயிண்ட் தாள் தாளாக உரிந்து வருகிறது

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், விடை அங்கே இருக்கும். மாவு ஒட்டியிருந்தால் மேலே சொன்ன கதைதான், வெள்ளையைச் சுரண்டாமல் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஈரமாக இருந்தால் ஓதம். இரண்டும் இல்லாமல் வழவழவென்று சுத்தமாக இருந்தால், அடியில் பழைய ஆயில் பெயிண்ட் இருக்கிறது, அதைத் தேய்க்காமலே அதன்மேல் அடித்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் கூடத்திலும் மாடிப்படிச் சுவரிலும் நாலடிக்கு ஆயில் பெயிண்ட் அடிப்பது வழக்கமாக இருந்தது.

அந்தப் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த ஆயில் பெயிண்டில் ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், தரையில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள், முகக்கவசம் போடுங்கள், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வீட்டில் வைக்காதீர்கள். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எதை அடித்தாலும் ஒட்டவில்லை, சுரண்டினால் உள்ளே பளிங்குபோல் இருக்கிறது

கொஞ்சம் நில்லுங்கள். அது செட்டிநாட்டு முறையில் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவராக இருக்கலாம். நாலைந்து கை பூச்சு, கடைசிக் கையில் துணியில் சலித்த நேர்த்தியான சுண்ணாம்பு, சில இடங்களில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். காரைக்குடிப் பக்கம் தலைமுறை தாண்டியும் பெயிண்டே பார்க்காமல் மின்னும் சுவர்கள் உண்டு. பின்னால் வந்த யாரோ அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் எதையும் பூச வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு வெந்நீர்த் துணியை வைத்து ஊறவிட்டு, மெல்லிய மரத் துண்டால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். கம்பிப் பிரஷ் ஆகாது. ஆசிட் கண்டிப்பாக ஆகாது, சுண்ணாம்பையே தின்றுவிடும். ஒரு அறையை வெளிக்கொண்டுவர மாதக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். இன்று அதைப் புதிதாகப் பூச வேலை தெரிந்த ஆள் கிடைப்பது எளிதில்லை.

தட்டினால் பானைச் சத்தம்

சாக்பீஸ் வட்டம் உள்ளங்கையளவு இருந்து, அழுத்தினால் அசையாவிட்டால் விட்டுவிடலாம். முறத்தளவு இருந்தாலோ அழுத்தும்போது உள்ளே போனாலோ கொத்திவிட்டுப் பூச வேண்டும். காரைச் சுவரில் சிமெண்டால் ஒட்டுப் போடாதீர்கள். ஒட்டு கல்லாக நிற்கும், அதைச் சுற்றிக் காரை வெடித்துக்கொண்டே போகும். இப்படிப் பானைச் சத்தம் வரும் சுவரில் டைல்ஸோ கல் பதிப்போ போடுவது ஆபத்து. எடை தாங்காமல் பூச்சோடு பெயர்ந்து விழும்.

விரிசல்

தலைமுடி போன்ற மெல்லிய விரிசல் வலைபோல் பரவியிருந்தால் மேல்பூச்சு சுருங்கியது மட்டும்தான். வெள்ளையையே கூழ்போலக் கரைத்துத் தேய்த்து அடைக்கலாம்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோலச் சாய்வாக ஓடினால், அல்லது ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு உள்ளே போனால், பூச்சு பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சுண்ணாம்பு வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. வால்பேப்பர் ஒட்டி விரிசலை மறைக்கிறவர்கள் இந்தக் குறியைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

பழைய சுவரும் புதிதாகச் சேர்த்த கான்கிரீட் தூணும் சேருமிடத்தில் செங்குத்தாக வரும் கோடு வேறு விஷயம். இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவு விரியும். அந்த இடத்தில் கோழி வலை அடித்துப் பூசினால் கோடு தெரிவது குறையும், முழுக்கப் போகாது. அங்கே மரச்சட்டம் ஒன்று அடித்து மறைத்துவிடுவது நிம்மதி.

வால்பேப்பர் ஓரம் தூக்குகிறது, புழுங்கல் நாற்றம், கறுப்புப் புள்ளி

உரித்துப் பாருங்கள். பின்னால் பூஞ்சை படர்ந்திருக்கும். ஒட்டும் பசை அதற்குச் சாப்பாடு, வினைல் மேல்தாள் அதற்குப் போர்வை. அந்தச் சுவர் வெளிச்சுவராகவோ குளியலறைக்கு அடுத்த சுவராகவோ இருந்தால் இனி அங்கே வால்பேப்பர் வேண்டாம். உரித்து, உலரவிட்டு, வெள்ளையடியுங்கள்; சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை லேசில் வராது.

வீட்டின் நடுவே இருக்கும் தடுப்புச் சுவர், ஒரு மழைக்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் சோதனையில் வியர்க்காமல் தேறியது என்றால், தாராளமாக ஒட்டலாம். வினைலைவிட நெய்யாத இழைத் தாள் நல்லது. வாங்கும்போது சதுர அடிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வழக்கமான ரோல் ஏறக்குறைய 33 அடி நீளம், 21 அங்குல அகலம், மொத்தம் 57 சதுர அடி. பத்தடி அகலம், பதினோரடி உயரச் சுவர் 110 சதுர அடி, இரண்டு ரோல் போதும் என்பார்கள். ஆனால் மேலும் கீழும் இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் ஒரு ரோலில் பதினோரடிப் பட்டை இரண்டுதான் கிடைக்கும். அந்தச் சுவருக்கு ஆறு பட்டை வேண்டும், ஆகவே மூன்று ரோல். பழைய வீட்டுச் சுவர்களின் உயரத்துக்கு இந்தச் சேதாரம் கண்டிப்பாக உண்டு. பிறகு போய்க் கேட்டால் அதே அச்சில் நிறம் ஒத்துவராது.

பேனல் அடித்த பிறகு சின்னச் சின்ன மண் கோடுகள்

கரையான். ஈரச் சுவரை மறைக்கப் பேனல் அடித்து, அதற்கு மரச்சட்டம் வைத்தால், இருட்டும் ஈரமும் மரமும் ஒரே இடத்தில் கரையானுக்குக் கிடைத்துவிடுகின்றன. பிவிசி பேனலைக் கரையான் தின்னாது, பின்னாலிருக்கும் சட்டத்தைத் தின்னும். எம்டிஎஃப் பலகை (மர இழையை அழுத்திச் செய்தது) ஈரத்தில் அப்பளமாக உப்பும். பேனலைக் கழற்றி, மருந்து அடித்து, ஈரம் வரும் வழியைத் தேடுங்கள். பேனல் ஆசை விடவில்லையென்றால் காய்ந்த சுவரில், அலுமினியச் சட்டத்தில், மேலும் கீழும் காற்றுப் போக ஓர் அங்குலம் விட்டு அடியுங்கள்.

அடுப்படியில் எத்தனை கை அடித்தாலும் பழுப்பு ஊறி வருகிறது

விறகடுப்புக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும். சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, காயவிட்டு, கறையைத் தடுக்கும் பிரைமர் ஒரு கை அடித்துவிட்டுத்தான் பெயிண்ட். அடுப்பு மேடைக்குப் பின்னால் மட்டும் டைல்ஸ் போடலாம், அங்கே பெரும்பாலும் ஓதம் ஏறாது. தரையிலிருந்து போடாதீர்கள்.

எந்தக் குறியும் இல்லை, ஆனால் சுவர் மேடு பள்ளமாக இருக்கிறது

கையால் பூசிய சுவர் அப்படித்தான் இருக்கும். ரசமட்டம் வைத்து நேராக்க ஆரம்பித்தால் சில இடத்தில் இரண்டு அங்குலம் பூச வேண்டி வரும், அந்தக் கனம் நிற்காது. பளபளப்பான பெயிண்ட் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக் காட்டும். கோடு போட்ட வால்பேப்பர் சுவரின் சாய்வைக் காட்டிக் கொடுக்கும். பளபளப்பில்லாத எமல்ஷனோ சுண்ணாம்போ அடித்தால் காலை வெயிலில் அந்த மேடு பள்ளம் அழகாகவே இருக்கும். எங்கள் கூடத்தில் இப்போது வெள்ளைதான், கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை. படங்களைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறோம்.